சப்பாத்திக் கள்ளியின் சரித்திரம்

சப்பாத்திக் கள்ளி நம் ஊர்ச் செடி அல்ல என்று சொன்னால் கிராமத்தில் எவரும் நம்பமாட்டார்கள். வேலியோரத்திலும் சுடுகாட்டுப் பாதையிலும் ஏரிக்கரை மேட்டிலும், மகாபாரத காலத்திலிருந்தே நின்றுகொண்டிருப்பதைப் போன்ற தோரணை அதற்கு உண்டு. நாகதாளி என்று ஒரு பெயரும் வைத்துவிட்டோம். மடல்மேல் மடலாகப் படமெடுத்து நிற்பதைப் பார்த்து யாரோ ஒரு ரசிகன் வைத்த பெயராக இருக்கவேண்டும். அதன் பழத்தைத் தின்று வாயெல்லாம் ரத்தச் சிவப்பாக்கிக்கொண்டு, நாக்கில் முள் தைத்து அழாத பிள்ளைகள் பழைய தலைமுறையில் குறைவு. இருந்தாலும் உண்மை உண்மைதான். இது அமெரிக்காவில் பிறந்த செடி. கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முன்னால் நம் பக்கத்தில் இதைக் கண்டவர் கிடையாது. கிள்ளினால் பால் வடிகிற நம் சதுரக் கள்ளி வேறு வம்சம். இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, உறவு இல்லை.

எங்கிருந்தோ வந்த செடி இங்கே வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. மிளகாயும் அப்படி வந்ததுதான். ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் தென்னிந்தியாவில் இந்தச் செடி ஏக்கர் ஏக்கராக மண்டிக் கிடந்தது. ஆடு மாடு நுழைய முடியாது. ஏர் ஓட்ட முடியாது. உள்ளே பாம்புகள் குடித்தனம் நடத்தின. இன்று அது அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. மழை தண்ணீர் மாறிவிடவில்லை. மண் மாறவில்லை. செடியின் வீரியமும் குறைந்துவிடவில்லை. ஒரு மடலைக் கிள்ளித் தரையில் எறிந்தால் இன்றும் வேர் விடும். பின் அதைத் தடுத்து நிறுத்தியது யார்?

இந்தக் கேள்வியைக் கள்ளிக்கு மட்டுமல்லாமல் எல்லா ஜீவராசிகளுக்கும் சேர்த்துக் கேட்டவர்கள் உண்டு. 1798-ம் வருஷம் மால்தூஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜனத்தொகை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது, உணவோ கூட்டல் கணக்கில்தான் ஏறுகிறது, ஆகவே பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர் செய்யும் என்பது அவர் வாதம். அவர் மனுஷர்களைப் பற்றித்தான் எழுதினார். நாற்பது வருஷம் கழித்து, 1838-ல், அந்தப் புத்தகத்தைப் படித்த டார்வினுக்கு அதே கணக்கு மரத்துக்கும் மிருகத்துக்கும் பொருந்தும் என்று பட்டது. மிகவும் மெதுவாகப் பெருகும் மிருகம் யானை. ஒரே ஒரு ஜோடி யானையின் சந்ததி, தடை ஏதும் இல்லாவிட்டால், 740 அல்லது 750 வருஷத்தில் ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் யானைகளாகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். யானைக்கே இந்தக் கதி என்றால் ஈசலுக்கு என்ன கணக்குச் சொல்வது! அமெரிக்காவிலிருந்து போன சில செடிகள் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை வரைக்கும் பரவிவிட்டன என்றும் டார்வின் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டி வந்த செடிகள் எவ்வளவு வேகமாகப் பெருக முடியும் என்பதற்கு அவர் காட்டும் சாட்சிகளில் அதுவும் ஒன்று.

ஆக, எல்லாமே பெருகத் துடிக்கின்றன; ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்ன என்று கேட்டால், சாதாரணமாக எல்லோரும் சொல்லும் பதில் சாப்பாடு என்பதுதான். இரை உள்ளவரை பெருகும், தீர்ந்தால் சாகும். செடியானால் மண்ணும் மழையும் இடமும் உள்ளவரை பெருகும். இந்தப் பதில் நியாயமாகத்தான் தோன்றுகிறது. இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சோதித்துப் பார்க்கச் சப்பாத்திக் கள்ளியைவிட நல்ல செடி கிடைக்காது.

கதை ஒரு சிவப்புச் சாயத்தில் ஆரம்பமாகிறது. மெக்ஸிகோவில் ஒருவகைக் கள்ளியின் மேல் வெள்ளை மாவு பூசியதுபோல் அப்பிக்கொண்டிருக்கும் சிறு பூச்சி ஒன்று உண்டு. கொச்சினீல் என்று பெயர். அதை உலர்த்திப் பொடித்தால் அபாரமான சிவப்பு. ஒரு பவுண்டுச் சாயத்துக்கு 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். ஸ்பெயின் தேசத்தார் இந்த ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். மெக்ஸிகோவிலிருந்து அவர்கள் ஏற்றுமதி செய்த பண்டங்களில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். 1777-ல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தியர் வேஷத்தில் உள்ளே போய், பூச்சியோடு கள்ளியைத் திருடிக்கொண்டு வந்தார். இங்கிலீஷ்காரர்களுக்கும் சும்மா இருக்கப் பொறுக்கவில்லை.

சென்னையில் கும்பெனியாரின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-ல் இங்கே ஒருவகைப் புல்லின்மேல் ஒரு பூச்சியைக் கண்டார். கொச்சினீல் அகப்பட்டுவிட்டது என்று லண்டனுக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். பூச்சி வேறு, சாயம் ஒட்டவில்லை. ஆனால் மனிதர் விடவில்லை. நிஜமான கொச்சினீல் ஒருநாள் வந்து சேரும், அன்றைக்கு அதற்குத் தீனி வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார்கள். இன்றைக்குப் பஸ்ஸும் ரயிலும் நெரியும் சைதாப்பேட்டையில், சர்க்கார் செலவில் கள்ளி பயிரிட்டார்கள் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

1795-ல் பூச்சி வந்தது. நீல்சன் என்ற காப்டன் பிரேசில் தேசத்து ரியோ துறைமுகத்தில் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். மறுபடியும் ஏமாற்றம். அதுவும் கொச்சினீல் வம்சம்தான். ஆனால் மட்டமான தாயாதி. சாயம் தேறவில்லை. ஆனால் சாயத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் எதிர்பாராத இன்னொரு காரியத்தை அந்தப் பூச்சி செய்தது. சப்பாத்திக் கள்ளியில் பல ஜாதி உண்டு. அவற்றில் ஒரு ஜாதி அப்போது இந்தியாவில் நிறைய இருந்தது. பூச்சி அந்த ஜாதியைப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்தது. கள்ளிப் புதர்கள் வாடிச் சுருண்டு விழுந்தன. 19-ம் நூற்றாண்டில் அதைத் தெற்கேயும் கொண்டுவந்தார்கள். 1860-களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். போன இடமெல்லாம் அந்தக் கள்ளி ஒழிந்தது. ஒரு செடியை அழிப்பதற்கென்றே அதன் சத்துருவை வேண்டுமென்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனது உலகத்தில் அதுதான் முதல் தடவை என்று இன்றைய விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள்.

பூச்சிக்கு நாக்கு நீளம் இல்லை. ஒரு ஜாதிக் கள்ளியைத் தவிர மற்றதை அது தொடவில்லை. தொடாத ஜாதி தென்னிந்தியாவில் தன் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருந்தது. நம் பாட்டன்மார் கண்ட கள்ளிக்காடு அதுதான். அதைப் பிறகு பார்ப்போம்; இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும்.

1788-ல் ஆஸ்திரேலியாவில் குடியேற வந்த முதல் இங்கிலீஷ் கப்பல்களே ரியோவில் நின்று கள்ளியையும் பூச்சியையும் ஏற்றிக்கொண்டு வந்தன. சிப்பாய்களின் சிவப்புச் சட்டைக்குச் சாயம் வேண்டுமே! அந்தச் சாயமும் உருப்படவில்லை. வினை அந்தச் செடியால் வரவில்லை. பிறகு வந்த வேறொரு ஜாதியால் வந்தது. 1839-ல் அது நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஸ்கோன் என்ற ஊருக்கு ஒரு தொட்டியில் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். அழகாக மஞ்சள் பூப் பூக்கும், வேலிக்கு ஆகும், பஞ்சத்தில் மாட்டுக்கும் ஆகும். பக்கத்து வீட்டார் ஒரு மடல் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படியே வடக்கே குவீன்ஸ்லாந்தில் சின்சில்லா வரைக்கும் போயிற்று.

1900-ல் ஒரு கோடி ஏக்கர். 1920-களில் 6 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு நிலம். அதில் பாதி, குதிரைகூட நுழைய முடியாத அடர்த்தி. வேகம் உச்சத்தில் இருந்தபோது வருஷத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் புதிதாகப் பிடித்தது. வீட்டைச் சுற்றிக் கள்ளி, வாசற்படியில் கள்ளி, கிணற்றடியில் கள்ளி. வெட்டினார்கள், வெட்டிய துண்டெல்லாம் வேர் விட்டது. உருளையை மாடு கட்டி இழுத்து நசுக்கினார்கள், எரித்தார்கள், கடைசியில் ஆர்ஸனிக் பாஷாணத்தைத் தெளித்தார்கள். ஒரு ஏக்கரைச் சுத்தம் செய்யும் செலவு அந்த ஏக்கரின் விலைக்குமேல் போயிற்று. பணம் போட்டவர்கள் நிலத்தைக் கள்ளிக்கே விட்டுவிட்டு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. வழி சொல்பவருக்கு 5,000 பவுன் பரிசு என்று குவீன்ஸ்லாந்து சர்க்கார் 1901-ல் அறிவித்தது. யாரும் வாங்க வரவில்லை. 1907-ல் 10,000 ஆக்கினார்கள். அப்போதும் வரவில்லை. பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன என்று ஈமு என்னும் பெரிய பறவையையும் காக்கையையும் கொன்று தலையைக் கொண்டுவந்தால் பணம் கொடுத்தார்கள். கள்ளி பரவியதற்குக் காக்கையைத் தண்டித்த அந்தக் காரியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சர்க்கார் என்பது எங்கும் ஒன்றுதான்.

இந்த நெருக்கடியில்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். இங்கே கள்ளி ஏன் இப்படிப் பெருகுகிறது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் சொந்த நாட்டில் ஏன் பெருகவில்லை என்று கேட்பதல்லவா முறை? அங்கேயும் மண் இருக்கிறது, வெயில் இருக்கிறது, இடம் இருக்கிறது. சாப்பாடுதான் எல்லை என்றால் அமெரிக்கா முழுவதும் கள்ளிக்காடாக இருக்கவேண்டும். இல்லையே!

1912-ல் ஜான்ஸ்டன், டிரையன் என்ற இரண்டு விஞ்ஞானிகளை உலகம் சுற்ற அனுப்பினார்கள். அவர்கள் நம் பக்கத்துக்கும் வந்து, பழைய சாயப் பூச்சி செய்த காரியத்தைக் கண்டார்கள். அதை அங்கே கொண்டுபோய் விட்டபோது அது தன் வழக்கப்படி தனக்குப் பிடித்த ஜாதியை மட்டும் ஒழித்தது. பெரிய எதிரி அப்படியே நின்றது. அர்ஜென்டினாவில் அவர்கள் ஓர் அந்துப்பூச்சியையும் பார்த்து, கொஞ்சம் கொண்டுவந்தார்கள். அது வளர்ப்பில் பிழைக்கவில்லை. யுத்தம் வந்தது; வேலை நின்றது.

1925-ல் ஆலன் டாட் என்ற பூச்சி சாஸ்திரி அதே அந்துப்பூச்சியின் முட்டைகளை, சுமார் 3,000, அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். இதற்கு காக்டோபிளாஸ்டிஸ் என்று பெயர். பார்த்தால் கால்காசு பெறாத சாம்பல் நிறப் பூச்சி. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதே இல்லை, தின்பதெல்லாம் புழுதான். தாய்ப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு குச்சியைப்போல் மடலில் நிறுத்திவைக்கும். தூரத்துக்கு அதுவும் ஒரு கள்ளிமுள் மாதிரியே தோன்றும். பொரித்த புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே துளையிட்டு உள்ளே போகும். கள்ளியின் தோலைத் தனியாக ஒன்று துளைத்தால் கசியும் பிசினிலேயே ஒட்டிச் செத்துப்போகும். கூட்டமாய்ப் போனால் பிழைக்கும். உள்ளே தின்று குடைந்த பிறகு அழுகல் தொற்றிக்கொள்ளும். பச்சை மடல் வெறும் தோற்பையாகிச் சொதசொதவென்று சரிந்து விழும். மற்றப் பயிர்களையும் இது தின்னுமா என்று முதலில் பட்டினி போட்டுச் சோதித்தார்கள். கள்ளியைத் தவிர வேறெதிலும் அதனால் வாழ முடியவில்லை.

அந்த 3,000 முட்டையின் முதல் தலைமுறை ஒரு லட்சம் முட்டை இட்டது. இரண்டாவது தலைமுறை 25 லட்சம். 1926-ல் வெளியே விட ஆரம்பித்தார்கள். பிறகு காகிதத்தில் முட்டைக்குச்சிகளை ஒட்டி, லாரி லாரியாக ஏற்றி, குடியானவர்கள் கையில் கொடுத்து மடலில் குத்தச் சொன்னார்கள். மொத்தம் 200 கோடிக்குமேல் முட்டைகள். 1932-க்குள் கள்ளிக்காடு சரிந்தது. பாஷாணமும் பரிசும் அரை நூற்றாண்டில் செய்யாததைப் புழு ஆறு வருஷத்தில் முடித்தது. போன குடிகள் திரும்பி வந்தார்கள்; கள்ளி இருந்த இடத்தில் பால் மாடு மேய்ந்தது. சின்சில்லாவுக்குப் பக்கத்தில் பூனார்கா என்ற ஊரில் 1936-ல் பூச்சியின் பெயரால் ஒரு ஞாபகார்த்த மண்டபம் கட்டினார்கள். புழுவுக்கு மண்டபம் கட்டிய ஊர் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

எனக்கு இதற்குப் பின்னால் நடந்ததுதான் சுவாரசியம். கள்ளி செத்ததும் கோடிக்கணக்கான புழுக்களும் பட்டினியால் செத்தன. பூச்சி இல்லாத சமயம் பார்த்து, அடித்தூரிலிருந்து கள்ளி மறுபடியும் துளிர்த்தது. 1933 வாக்கில் பழைய பயம் திரும்பிவிட்டது. அங்கங்கே தப்பியிருந்த பூச்சிகளுக்கும் அப்போது விருந்து கிடைத்தது. அவை பெருகி, இரண்டொரு வருஷத்தில் துளிரையும் தின்று தீர்த்தன. அதன்பின் இரண்டும் அடங்கின. கள்ளியும் கொஞ்சம், பூச்சியும் கொஞ்சம். பூச்சி கடைசிக் கள்ளியையும் தின்றுவிடாததற்கு ஒரு காரணம் கண்டார்கள்: தாய்ப்பூச்சி முட்டைகளைச் சமமாகப் பங்கிட்டு வைப்பதில்லை. ஒரு செடியில் அளவுக்குமேல் குவித்துவிடும், பக்கத்துச் செடியைத் திரும்பிப் பாராது. குவிந்த செடி புழுக்கள் வளருமுன்பே தீர்ந்துபோக, அவை பட்டினி கிடந்து சாகின்றன. விட்டுப்போன செடி பிழைக்கிறது. தாயின் கணக்குப் பிசகுதான் இரண்டு வம்சத்தையும் காப்பாற்றுகிறது.

இந்தக் கதையில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். கள்ளிக்கு எல்லை சாப்பாடு அல்ல, பூச்சி. பூச்சிக்கு எல்லை சாப்பாடு, அதாவது கள்ளி. அர்ஜென்டினாவிலோ பூச்சிக்கும் சத்துருக்கள் உண்டு. அதன் புழுவைத் துளைத்து முட்டையிடும் குளவிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கப்பலில் ஏற்றவில்லை. சத்துருவைத் தாய்நாட்டில் விட்டுவந்ததால் கள்ளி எப்படிக் கட்டவிழ்ந்து பெருகிற்றோ, அப்படியேதான் பூச்சியும் பெருகிற்று. 1960-ல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபாட்கின் என்ற மூன்று அமெரிக்கர்கள் ஒரு சின்னக் கட்டுரையில், உலகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்ற ரீதியில் வாதம் செய்தார்கள். இலை தின்னும் ஜந்துக்களுக்குச் சாப்பாடுதான் எல்லை என்றால் இலையே மிஞ்சாதே. மிஞ்சுகிறது என்றால் அவற்றைத் தின்ன வேறு ஏதோ இருக்கிறது என்பது அவர்கள் கட்சி.

ஆஸ்திரேலியாவிலேயே இதைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. நிக்கல்சன் என்ற பூச்சி சாஸ்திரி 1933-ல், ஒரு ஜீவராசி நெருங்க நெருங்கத் தடையும் வலுக்கவேண்டும், கூட்டம் குறைந்தால் தடையும் தளரவேண்டும், அப்படிப்பட்ட தடைதான் எல்லை கட்ட முடியும் என்று எழுதினார். கள்ளியும் பூச்சியும் அவர் வாதத்துக்குக் கையில் கிடைத்த சாட்சிகள். ஆண்ட்ரவார்த்தா, பர்ச் என்ற இருவர் 1954-ல் மறுத்தார்கள். அடிலேட் நகரில் ரோஜாப் பூவில் வாழும் பேன் போன்ற சிறு பூச்சியை வருஷக்கணக்காக எண்ணிப் பார்த்ததில், அதன் ஏற்ற இறக்கத்தில் 78 சதவிகிதம் மழையும் வெயிலும் செய்தது என்று கணக்குக் காட்டினார்கள். நல்ல காலம் குறுகியது, பெருகி முடிப்பதற்குள் கோடை வந்துவிடுகிறது, சத்துருவுக்கு அங்கே வேலை இல்லை என்றார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், ரோஜாப் பூச்சிக்கு ஒரு தீர்ப்பு, கள்ளிக்கு ஒரு தீர்ப்பு என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் ஒன்று: இன்று குவீன்ஸ்லாந்துக்குப் புதிதாகப் போகும் ஒருவர் காட்டில் நாலைந்து கள்ளியைப் பார்ப்பார், பூச்சி கண்ணில் படுவதே அருமை. இந்தச் செடிக்கு இந்த மண் ஒத்துவரவில்லை என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். 6 கோடி ஏக்கர் கதை தெரியாதவருக்கு அந்தப் பூச்சிதான் எல்லைக்கல் என்று எப்படித் தெரியும்?

நம் நாகதாளிக் காட்டுக்கும் இப்படித்தான் முடிவு வந்தது. 1926-ல், ஆஸ்திரேலியாவில் அந்துப்பூச்சியை அவிழ்த்துவிட்ட அதே வருஷம், இலங்கையிலிருந்து கொச்சினீல் வம்சத்தில் இன்னொரு பூச்சி தென்னிந்தியாவுக்கு வந்தது. பழைய பூச்சி தொடாத ஜாதியை இது தொட்டது. ஐந்தாறு வருஷத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வேலிக் கள்ளியில் இன்றும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருப்பதைப் பார்க்கலாம். விரலால் நசுக்கினால் சிவப்பாக ஒழுகும். கும்பெனி தேடிய சாயத்தின் சொந்தக்காரர்தான்.

எல்லா இடத்திலும் மண்டபம் கட்டவில்லை. மடகாஸ்கர் தீவின் தெற்கே, மழை இல்லாத சீமையில், பிரெஞ்சுக்காரர்கள் 18-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த கள்ளி ஜனங்களின் உயிராகவே ஆகிவிட்டிருந்தது. அந்தாந்துரூய் என்ற அந்த மாட்டுக்காரக் குடிகள் முள்ளைத் தீயில் பொசுக்கிக் கோடையில் மாட்டுக்குப் போட்டார்கள். பழத்தைத் தின்று தாகம் தணித்துக்கொண்டார்கள். ஊருக்கு அதுவே கோட்டைச்சுவர். 1924-ல் அந்தத் தீவில் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தெற்கே பரவி, ஐந்தாறு வருஷத்தில் கள்ளியைத் துடைத்தது. அதற்கு மேல் மழையும் பொய்த்தது. 1930-ஐ ஒட்டிப் பஞ்சம் வந்தது. மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. மனுஷர்களும் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பலர் வடக்கே தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். கூலிக்கு ஆள் வேண்டித்தான் இந்த வேலையைச் செய்தார்களோ என்ற சந்தேகம் அங்கே பிறகும் தீரவில்லை. கள்ளிக்குக் கட்டிய எல்லை அந்த ஜனங்களுக்கும் எல்லையாக முடிந்தது.

அந்துப்பூச்சியின் பிரயாணமும் நின்றுவிடவில்லை. 1957-ல் மேற்கிந்தியத் தீவுகளில் நேவிஸ் என்ற தீவில் கள்ளியை ஒடுக்க அதை விட்டார்கள். தீவுக்குத் தீவு தாவி, 1989-ல் அமெரிக்காவின் புளோரிடா ஓரத்துக்கு வந்துவிட்டது. அங்கே இருப்பவை வந்தேறிக் கள்ளிகள் அல்ல. அந்த மண்ணிலேயே பிறந்த அபூர்வமான கள்ளிகள். 2006-ல் மெக்ஸிகோவின் முஹேரஸ் தீவில் பூச்சி தென்பட்டது. மெக்ஸிகோவுக்குக் கள்ளி சாப்பாட்டுக் காய். அந்த நாட்டுக் கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பதும் கள்ளியின் மேல்தான். அந்தத் தீவில் ஒவ்வொரு கள்ளியாகப் பார்த்து, முட்டைக்குச்சியைக் கிள்ளி, புழு விழுந்த செடியைப் புதைத்து, பொறி வைத்துப் பூச்சியைப் பிடித்து ஒழித்தார்கள். பொறிகளை இன்னும் எடுத்துவிடவில்லை.